உழைச்செல்வானும் உறவினரும்

திருக்குறளிலே மருந்து என்னும் அதிகாரத்தின் ஈற்றுக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றது என்பதை இம்மலரைப் படிக்கும் மாணவர் யாவரும் அறிவர். நோயுற்றவன், அந்நோயைத் தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்பன அந்நான்குமாம். உழை என்பது பக்கம் என்னும் பொருளது. எனவே உழைச்செல்வான் நோயாளியின் பக்கத்தே நின்று மருந்தை வேளை தவறாது கொடுப்பவன். அவனைத் தூக்கி இருத்துபவன். அவனுடைய உடுப்பையும் படுக்கையையும் மாற்றுபவன். இன்று நாம் தாதித் தொழில் என வழங்குவது முழுவதும் அந்த ஒரு சொல்லுள் அடங்கும். இவ்வதிகாரத்தை இருபது ஆண்டுகளாக வகுப்பிலே கற்பித்து வருகிறேன். நான்கையும் விரல்விட்டு எண்ணிக் காட்டி, பரிமேலழகர் ஒவ்வொன்றையும் மீண்டும் நந்நான்காக விரித்த திறத்தை வியந்துவிட்டு, அடுத்த அதிகாரமாகிய குடிமைக்குச் சென்றுவிடுவது வழக்கம். அந்நான்கினுள்ளே நோயாளியின் மகனும் மகளும் எங்கே என்னும் வினாவை எந்த மாணவனும் கேட்டதில்லை, நானும் எழுப்பியதில்லை.

அவ்வினா எனக்கு உதித்த இடம் வகுப்பறையன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாரிகாலத்திலே, எழுபத்தெட்டு வயதினராகிய என் தந்தையார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அவரை ஒரு வைத்தியசாலையிலே சேர்த்தோம். அங்கே நாற்பது கட்டில்கள். இரவிலே இரண்டு தாதியர். முதியவர் என்பதால் பக்கத்தில் ஒருவர் நிற்பதற்கு அனுமதிச் சீட்டுத் தந்தனர். அச்சீட்டோடு நான் கொண்டுபோனது ஓர் அப்பியாசக் கொப்பியும் சிவப்பு மைப் பேனாவுமாகும். ஆசிரியத் தொழிலின் கேடு அது. காலை மருந்து எத்தனை மணிக்கு வந்தது, அழைத்து எத்தனை நிமிடத்தின் பின் தாதி வந்தார், எந்தத் தாதி முகங்கொடுத்துப் பேசவில்லை என்பவற்றையெல்லாம், மாணவர் கட்டுரைகளிற் பிழை குறிப்பதுபோல, நேரமிட்டு எழுதினேன். இரண்டு நாளிலே ஒன்பது பக்கம் நிறைந்தது. மூன்றாம் நாள் சேலைன் மெதுவாகச் சொட்டுகிறது என்று ஓர் இளந்தாதியோடு உரத்துப் பேசினேன். அவர் ஒன்றும் சொல்லாமற் போய்விட்டார். அதையும் எழுதினேன்.

அன்று பிற்பகல் வேலைக்கு வந்த ஆண் தாதி என் பழைய மாணவர். இக்கல்லூரியிலே ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் தமிழ் படித்தவர். புணர்ச்சி விதிகளை ஒருநாளும் ஒழுங்காக எழுதியவரல்லர். நம் விழா மலர்களிலே பழைய மாணவருள் வைத்தியர் இத்தனை பேர், பொறியியலாளர் இத்தனை பேர் எனப் பட்டியல் வெளிவருகிறது. தாதியராயினார் பெயரை அதிலே நான் கண்டதில்லை. அது நிற்க. அவர் என் கையிலிருந்த கொப்பியைப் பார்த்தார். கோபிக்கவில்லை. "சேர், எழுதுங்கோ. ஆனால் எங்களுக்கும் உதவுகிற மாதிரி எழுதுங்கோ" என்றார். பின்னர், தந்தையார் குடிக்கும் நீர் எவ்வளவு, கழிக்கும் சிறுநீர் எவ்வளவு என்பதை நேரத்துடன் குறிக்கும்படி கோடிட்டுக் காட்டினார். இரண்டு மணிக்கொருமுறை அவரைப் பக்கம் மாற்றுவதற்குத் தாம் வரும்போது எப்படிக் கைகொடுப்பது என்பதையும், முறிந்த காலை எவ்வாறு அசையாது தாங்குவது என்பதையும் செய்து காட்டினார். எங்கள் வீட்டுத் தேநீர்க் கோப்பை எத்தனை மில்லிலீற்றர் கொள்ளும் என்பதை அன்றுதான் அளந்தறிந்தேன். நூற்றெண்பது.

அவ்விரவு கட்டிலருகே விழித்திருந்தபொழுதே அந்தக் குறள் வேறுவிதமாக விளங்கியது. வள்ளுவர் உறவினரை மறந்தாரல்லர். அவர் காலத்தில் உழைச்செல்வான் பெரும்பாலும் உறவினனே. வட மொழியிலே சரக சங்கிதையும் இவ்வாறே மருத்துவன், மருந்து, பணியாளன், நோயாளி என நாற்பாதம் கூறும்; பணியாளனுக்கு அது விதிக்கும் நான்கு தகுதிகள் பணிவிடையறிவு, கைத்திறன், நோயாளியிடத்து அன்பு, தூய்மை என்பன. கிரேக்கர் நாட்டு இப்போக்கிறாற்றிசு என்பாரின் பெயரால் வழங்கும் மணிமொழிகளுள் முதலாவதும், வைத்தியன் தான் செய்வதைச் செய்தாற் போதாது, நோயாளியும் பக்கத்தே நிற்போரும் ஒத்துழைக்கச் செய்தலும் அவன் கடனே என்னும் கருத்தினது. இவற்றிலெல்லாம் அன்பும் பணியும் ஒரே ஆளிடத்தில் இருந்தன. மகள் கஞ்சி காய்ச்சினாள். மருமகள் கால் பிடித்தாள். மகன் வைத்தியரிடம் ஓடினான். அஞ்சியவர் எவரோ, அவரே வேலை செய்பவரும் ஆவர். கைக்கு வேலை இருந்தமையால் அச்சம் ஓரளவு அடங்கிக் கிடந்தது.

ஆசுபத்திரி வந்தபொழுது இவ்விரண்டும் பிரிந்தன. யாழ்ப்பாணத்திலே இம்மாற்றம் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அமெரிக்க மிசன் வைத்தியராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இங்கு வந்து, மானிப்பாயிலிருந்து வைத்தியம் செய்தும், தமிழ் இளைஞர்க்கு மேனாட்டு வைத்தியத்தைப் பயிற்றியும், பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் முதலிய நூல்களைத் தமிழில் ஆக்குவித்தும் தொண்டாற்றினார். யாழ்ப்பாண நகரிலே அரசாங்க அதிபர் டைக் அவர்கள் முயற்சியால் 1850இல் ஆசுபத்திரி தோன்றியது. அதுவே பிற்காலத்தில் நம்மவர் பெரியாசுபத்திரி என வழங்கும் நிலையமாக வளர்ந்தது. இணுவிலிலே பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென 1898இல் ஓர் ஆசுபத்திரி திறக்கப்பெற்றது. இவற்றால் விளைந்த நன்மைக்கு அளவில்லை. ஆயினும் கட்டிலருகே நின்ற மகளுடைய கையிலிருந்த வேலை, பயிற்சியும் சம்பளமும் பெற்ற பிறர் கைக்குச் சென்றது. அன்பும் அச்சமும் மாத்திரம் மகளிடமே தங்கிவிட்டன. வேலையிழந்த அந்த அன்பு என்ன செய்யும்? வேலை செய்பவரைக் கண்காணிக்கத் தொடங்கும். தாதியர் "கரைச்சல் பிடித்த சனம்" என்று தமக்குள்ளே சொல்லிக்கொள்ளும் உறவினர் பெரும்பாலோர் இவ்வாறு வேலை பறிபோன உழைச்செல்வார்களே என்பது என் துணிபு.

தாதித் தொழிலை ஒரு கல்வியாக உயர்த்திய புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 1859இல் நோயாளர் பராமரிப்பைப்பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அது சம்பளத் தாதியருக்கென எழுதப்பட்டதன்று. வீட்டிலே பிறர் சுகத்தைப் பேணும் பெண்களுக்கென எழுதப்பட்டது. வந்து பார்ப்போர் சொல்லும் போலியான தேறுதல் மொழிகளும் கேளாது கூறும் புத்திமதிகளும் நோயாளியை எவ்வளவு வருத்தும் என்பதை அம்மையார் அந்நூலிலே கடிந்து எழுதியிருக்கிறார். வேறோரிடத்தில், பொறுப்பு என்பது தான் அங்கிருக்கும்போது நடப்பவை தான் இல்லாதபோதும் நடக்குமாறு ஒழுங்குசெய்தல் என்னும் பொருள்பட விளக்குகிறார். உறவினர் மனத்தை அரிப்பதும் இதுவேயன்றோ? பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்ததும், இனி ஐயாவை யார் பார்ப்பார் என்பதே அவருடைய கேள்வி. அக்கேள்விக்கு விடை கிடையாதவிடத்து அது சண்டையாக வெளிப்படுகின்றது.

உறவினரை வெளியே நிறுத்திவிட்டால் அமைதி உண்டாகும் என மேனாட்டவரும் ஒருகாலத்தில் நம்பினர். இங்கிலாந்திலே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிற் பல ஆசுபத்திரிகள் பிள்ளைகளைப் பார்ப்பதற்குத் தாய்மாரை வாரத்திற் சிறிது நேரமே அனுமதித்தன. தாய் வந்தாற் பிள்ளை அழுகிறது. வராவிட்டால் அமைதியாயிருக்கிறது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். ஜேம்ஸ் றொபேட்சன் என்பவர் 1952இல் இரண்டு வயதுக் குழந்தையொன்று ஆசுபத்திரியிற் கழித்த நாட்களைச் சலனப்படமாக்கிக் காட்டினார். அமைதி எனக் கொண்டது அமைதியன்று, மனமுறிவு என்பது அப்படத்தைக் கண்டோர்க்குப் புலனாயிற்று. 1959இல் வெளிவந்த பிளாற் குழுவின் அறிக்கை பெற்றோர் தடையின்றி வந்துபோகலாம் எனவும், சிறு பிள்ளைகளோடு தாய்மார் தங்குதற்கு வசதிவேண்டும் எனவும் விதந்துரைத்தது. இவ்வாறு கதவைத் திறந்துவிட்டனர். உள்ளே வந்தவரை எவ்வாறு நடத்துவது என்பது வேறொரு பாடம்.

இனி உறவினரால் விளையும் கேட்டையும் மறையாது சொல்லவேண்டும். சேலைன் குழாயில் ஒரு சிறு உருளை உண்டு. அதனை மேலும் கீழும் உருட்டினாற் சொட்டும் வேகம் மாறும். "எவ்வளவு நேரமாகத் தொங்குகிறது" என்று சினந்து உறவினர் அவ்வுருளையைத் தள்ளிவிடுவதுண்டு. முதியவருடைய இதயம் குறுகிய நேரத்தில் அவ்வளவு நீரை ஏற்கமாட்டாது. நீர் சுவாசப்பையிலே தேங்க, மூச்சுத் திணறும். மெதுவாகச் சொட்டும்படி வைத்ததே சிகிச்சை. நான் உரத்துப் பேசியது இதை அறியாமையாலேயாம். அந்த இளந்தாதி இதனை ஒரு வாக்கியத்தில் விளக்கியிருக்கலாமே என்று பின்னர் எண்ணினேன். விளக்கியிருந்தாலும் அந்நேரம் நான் கேட்டிருப்பேனா என்பதும் ஐயமே.

மருந்து கொடுத்து வரும் தாதியை வழிமறித்துப் பேசுவது மற்றொன்று. சிட்னி நகர் ஆசுபத்திரிகள் இரண்டில் நிகழ்ந்த ஓர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. மருந்து கொடுக்கும் வேளையிலே நேரும் ஒவ்வோர் இடையூற்றோடும் தவறுகள் ஏறக்குறைய 12 வீதம் கூடின என்பது அதன் முடிபு. நம் தந்தைக்காக நாம் கேட்கும் கேள்வியால் அடுத்த கட்டிலிற் கிடப்பவருடைய மருந்து பிழைக்கலாம் என்பதை எம்மில் யார் நினைக்கிறோம்?

எல்லாவற்றிலும் கொடியது உணவு. எம்மவர் அன்பை உணவினாலேயே காட்டிப் பழகியவர். சத்திரசிகிச்சைக்கு முன் ஒன்றும் கொடுக்கலாகாது என்று சொன்னாலும் "ஒரு வாய் கோப்பிதானே" என்பர். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றிலுள்ளது மேலெழுந்து மூச்சுக்குழாயினுட் புகுந்தால் உயிருக்கே மோசம் என்பதை எவரேனும் ஆறுதலாக எடுத்துச் சொன்னாலன்றி அத்தடை அவர்களுக்கு வெறும் அதிகாரமாகவே தோன்றும். என் தந்தையாருக்கு அடுத்த கட்டிலில் பாரிசவாதத்தால் வாய் கோணிய ஒரு முதியவர் இருந்தார். விழுங்குதல் செம்மையாக இல்லை என்பதால் அவருக்கு மூக்கு வழியே குழாய் இட்டிருந்தனர். வாயால் ஒன்றும் கொடுக்கவேண்டாம் என மகனிடம் சொன்னதை நானும் கேட்டேன். மகன் நல்ல பிள்ளை. இரவு பகலாக நின்றவர். "எங்கட அப்புவைப் பட்டினி போடுகிறார்கள்" என்று அவர் என்னிடம் வந்து கண்கலங்கினார். இரண்டாம் இரவு, தாதியர் மறுபக்கம் சென்ற வேளையில், படுத்திருந்தபடியே தகப்பனுக்குக் கஞ்சி பருக்கினார். இருமல் கேட்டது. நான் கண்டேன். அவருடைய அன்பைக் கண்டு இரங்கினேன்; தாதியர்மேல் எனக்கும் கோபம் இருந்தது; ஆகையால் வாய் திறக்கவில்லை. என் கொப்பியிலே அது இல்லை. நான்காம் நாள் சுவாசப்பையிற் சளிச்சுரம் கண்டு அம்முதியவர் காலமானார். கவனிப்புக் குறைவால் இறந்தார் என்று மகன் தாதியரை ஏசினார். அப்பொழுதும் நான் பேசவில்லை. நோயின் வேகத்தாலேயே அவர் இறந்திருக்கவுங் கூடும். அதனை அளந்து சொல்ல நான் வைத்தியனல்லேன். ஆயினும் அம்மகனுடைய முகத்தை நினைக்குந்தோறும் என் மௌனமும் உடன் நினைவுக்கு வருகின்றது.

தூர தேசத்து உறவினரைப் பற்றியும் ஒரு சொல். கனடா நாட்டு முதியோர் வைத்தியர் சிலர் 1991இல் எழுதிய கட்டுரையொன்றில் "கலிபோர்ணியாவிலிருந்து வந்த மகள்" என்று ஒரு குணத்திற்குப் பெயரிட்டனர். ஆண்டுக்கணக்காய்த் தூரத்தே வாழ்ந்த பிள்ளை, நோய் முற்றிய பின் திடீரென வந்து, பக்கத்தே இருந்தவரும் வைத்தியரும் ஆலோசித்துச் செய்த முடிவையெல்லாம் குழப்பி, எல்லாச் சிகிச்சையும் இப்பொழுதே செய்யவேண்டும் என்று அதட்டுவதே அது. கலிபோர்ணியாவிலுள்ள வைத்தியர் "நியூயோர்க்கிலிருந்து வந்த மகள்" என்பராம். எங்கள் ஊரில் அம்மகள் கலிபோர்ணியாவிலிருந்து வரவேண்டியதில்லை. இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ கைத்தொலைபேசியிலே முகத்தைக் காட்டுவாள். என் தம்பியும் அவ்வாறே இரவு இரண்டு மணிக்கு அழைத்து, தாதியிடம் தொலைபேசியைக் கொடு என்பான். அவனுக்கு அங்கே இரவுணவு நேரங்கூட ஆகவில்லை. நான் கடிந்துகொண்டேன். பின்னர் அக்கா சொன்னாள்: "அவனாலை ஐயாவைத் தொட்டுப் பார்க்கவும் ஏலாது, தொலைபேசியாலை கத்தத்தானே ஏலும்." அது உண்மை. இருபது ஆண்டு தந்தையாருக்கு ஒரு நாளும் தண்ணீர் எடுத்துக் கொடாத குற்றவுணர்வு அவனுடைய குரலிலே இருந்தது. அதட்டுகிறவரெல்லாம் அகந்தையால் அதட்டுகின்றாரல்லர்.

மறுபக்கத்தைச் சொல்லாது விடுவது நீதியன்று. கண்காணிக்கும் உறவினரின் கண் சிலவேளை பயிற்சி பெற்றோர் கண் காணாததைக் காணும். ஆறாம் நாள் மாலை தந்தையார் என்னைத் தம் காலஞ்சென்ற தமையனாரின் பெயரால் அழைத்தார். போர்வையின் நூலை விரல்களாற் பிய்த்துக்கொண்டிருந்தார். அன்று முதன்முறையாக அவ்விடுதிக்கு வந்த தாதியொருவர் "வயது போனால் அப்படித்தான் மாஸ்ரர்" என்றார். அவரை நான் குறைகூறேன். அவர் கண்டது குழம்பிய ஒரு முதியவரை. முந்தைய நாள்வரை பஞ்சாங்கத்தை நுணுக்கமாய் வாசித்துத் திதி சொன்ன என் ஐயாவை அவர் கண்டதேயில்லை. என் பழைய மாணவர் வந்ததும், "இது எங்கட ஐயா இல்லைத் தம்பி" என்றேன். அவர் என் கொப்பியை வாங்கிப் பார்த்தார். குடித்த நீருக்குக் குறைவில்லை. நண்பகலின் பின் சிறுநீர் என்னும் நிரல் வெறுமையாயிருந்தது. அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு உடனே வைத்தியரை அழைத்தார். சிறுநீர் கட்டி, அதிலே கிருமித் தொற்றும் கண்டிருந்தது. முதியவர்க்கு இத்தகைய உபாதை பெரும்பாலும் மனக்குழப்பமாகவே முதலில் வெளிப்படும் என்றும், எலும்பு முறிந்து கிடப்பவரிடத்து அது மிகுதி என்றும் பின்னர் விளக்கினார். குழாய் இட்டு மருந்தும் கொடுக்க, மூன்றாம் நாள் தந்தையார் தெளிந்தார். தெளிந்ததும் முதலிற் கேட்டது அன்றைக்கு என்ன திதி என்பதே.

இவ்வாறு வீட்டார் சொல்வதைக் கேளாதுவிட்டதால் நேர்ந்த துயர்கள் பிற நாடுகளிற் சட்டதிட்டங்களையே மாற்றியிருக்கின்றன. அமெரிக்காவிலே ஜோன்ஸ் கொப்கின்ஸ் ஆசுபத்திரியில் 2001இல் ஜோசி கிங் என்னும் பதினெட்டு மாதக் குழந்தை இறந்தது. சுடுநீர்க் காயம் ஆறிவந்த குழந்தை அது. பிள்ளைக்குத் தாகம் மிகுந்திருக்கிறது, ஏதோ பிழை நடக்கிறது என்று தாய் பலமுறை கூறினாள். நீர்வற்றலும் பொருந்தா மருந்தும் சேர்ந்து அக்குழந்தையின் உயிரைக் கொண்டன. அத்தாய் பின்பு அதே ஆசுபத்திரியோடு சேர்ந்து நோயாளர் பாதுகாப்புக்காக உழைத்தாள். 2005இல் பிற்ஸ்பேக் நகர் ஆசுபத்திரியொன்று, நோயாளியோ உறவினரோ தாமே தொலைபேசியில் அவசர வைத்தியக் குழுவை அழைக்கும் உரிமையை வழங்கியது. அவுஸ்திரேலியாவிலே குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2013இல் றையனின் விதி வந்தது. இங்கிலாந்தில் 2021இல் மார்த்தா மில்ஸ் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுமி, பெற்றோரின் எச்சரிக்கைக்கு உரிய மதிப்புக் கிடையாதநிலையிற் கிருமி நஞ்சேறி இறந்தாள். 2024 தொடக்கம் அங்குள்ள ஆசுபத்திரிகளில் அவள் பெயரால் ஒரு விதி நடைமுறைக்கு வந்திருக்கின்றது. வீட்டார்க்கு மனம் ஒப்பாதவிடத்து வேறொரு குழு வந்து நோயாளியைப் பார்வையிடவேண்டும் என்பதே இவ்விதிகளின் சாரம்.

ஆகவே தாதிக்கு எதிரே நிற்கும் உறவினர் ஒரே வாயாற் கூறுபவற்றில் அறியாமையும் உண்டு. உயிர்காக்கும் செய்தியும் உண்டு. இரண்டையும் பிரித்தெடுத்தலே கடினம். என் மாணவர் இதனை எங்ஙனம் செய்தார் என்பதை மற்ற நாட்களிற் கூர்ந்து பார்த்தேன். அவர் வேலைக்கு வந்தவுடன் ஒவ்வொரு கட்டிலுக்கும் சென்று தம் பெயரைச் சொல்லி, இன்று இன்னது செய்யப்போகிறோம், இத்தனை மணியளவில் என்பார். கேட்பதற்கு முன் சொல்லிவிட்டமையாற் கேள்விகள் பாதியாயின. மருந்து கொடுக்கும் வேளையில் யாரேனும் மறித்தால், "மூன்று மணிக்கு உங்களிடம் வருவேன்" என்று நேரங்குறிப்பார். மூன்று மணிக்கு வந்தும்விடுவார். வராதுவிட்ட ஒருநாள், அவசர நோயாளி ஒருவர் வந்தார் என்று காரணங்கூறி வருத்தந் தெரிவித்தார். எண்மர் எட்டு விதமாகக் கேட்கும் குடும்பத்திலே, வீட்டாரே தெரிந்தெடுத்த ஒருவரோடு மாத்திரம் செய்தி பேசுவார். எங்கள் குடும்பத்தில் அப்பொறுப்பு அக்காவுக்குக் கிடைத்தது, எனக்கல்ல. எனக்கு அது சற்று உறைத்தது.

முறைப்பாடு ஒன்று வந்தால் அவர் முதலிலே மறுமொழி கூறுவதில்லை. முழுவதையும் கேட்டு, "எதற்குப் பயப்படுகிறீர்கள்?" என்று வினாவுவார். பயப்படுகிறேன் என்று ஒப்புக்கொள்ள எம் ஆண்மக்கள் விரும்புவதில்லை. ஆயினும் அவ்வினாவிற்குப் பின் குரல் தாழ்வதைப் பலமுறை கண்டேன். தாதியர் செய்த பிழையாயின் பிழை என்று சொல்லிவிடுவார். விதியைச் சொல்லும்போது காரணத்தையும் கூடவே சொல்லுவார். உணவு ஊட்ட விரும்பிய என் அக்காவுக்கு, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி நிமிர்த்தி இருத்திவிட்டு, நன்கு விழித்திருக்கையிற் சிறு கரண்டியால், ஒரு வாய் விழுங்கியபின் மறுவாயாகக் கொடுக்கும்படியும், கொடுத்தபின் அரைமணி நேரம் படுக்கவிடாது இருத்தும்படியும் பழக்கினார். அதன்பின் அக்கா எவரையும் ஏசியதை நான் கேட்கவில்லை. அவளுக்கு நேரமிருக்கவில்லை.

எல்லை ஒன்றும் அவர் வைத்திருந்தார். குடித்துவிட்டு வந்து ஓர் இளந்தாதியைத் தகாத சொல்லாற் பேசிய உறவினரோடு சமாதானம் பேசவில்லை. பொறுப்புத் தாதியை அழைத்து, அவரை வெளியேற்றுவித்தார். நோயாளி வேண்டாம் என்பதை மகன் வேண்டும் என்றால், தெளிந்த அறிவோடிருக்கும் நோயாளியின் சொல்லே அவருக்குச் சொல். ஒருமுறை என் தந்தையார் இரவிலே தம்மைக் குளிப்பாட்டவேண்டாம் என்றார். நான் வற்புறுத்தினேன். "ஐயாவிட்டைக் கேட்டாச்சு சேர்" என்று சொல்லி அப்பால் போய்விட்டார்.

இவையெல்லாம் இரண்டு தாதியருக்கு நாற்பது கட்டில் என்னும் நிலையில் எந்நாளும் இயலுமோ எனின், இயலாது. அவரும் அதை ஒப்புக்கொண்டார். நோயாளி ஒருவருக்கு நிமிடக்கணக்கே கிடைக்குமிடத்திற் பேசுதற்கு நேரம் எங்கே என்று கேட்டேன். முதலிற் பேசாவிட்டாற் பின்பு சண்டைக்கு அதைவிடக் கூடுதலான நேரம் செல்கிறது, கணக்குப் பார்த்துவிட்டேன் என்றார். தமிழிலே குறைந்த புள்ளி எடுத்தாலும் கணக்கிலே அவர் கெட்டிக்காரர் என்பது அப்பொழுதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அதிகாரிகள் செய்யவேண்டியது வேறுண்டு. அது இம்மலரிற் பேசித் தீரும் விடயமன்று.

தந்தையார் பத்தொன்பதாம் நாள் வீடு திரும்பினார். இப்பொழுது சட்டக் கோல் ஒன்றைப் பிடித்து முற்றத்துவரை நடக்கிறார். கிணற்றடிக்குப் போக விடுவதில்லை. வெளியேறிய அன்று, நான் உரத்துப் பேசிய இளந்தாதியிடம் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அச்சம்பவம் நினைவில்லை. அல்லது நினைவில்லை என்று சொன்னார். மகனையும் தேடிப் போயிருக்கவேண்டும். அவருடைய ஊர் எனக்குத் தெரியும். இன்னும் போகவில்லை. வகுப்பிலே மருந்து அதிகாரத்திற்கு வரும்போது, இப்பொழுதெல்லாம் உழைச்செல்வான் என்னும் சொல்லிற் சற்று நிற்கிறேன். வீட்டிலே நோயாளியைப் பார்த்தவர் யார் யார் எனக் கேட்பேன். கைகள் உயரும். என்ன செய்தீர்கள் என்று கேட்டால், முதலில் ஒருவரும் பேசமாட்டார். பின்பு பெரும்பாலும் கடைசி வாங்கிலிருந்தே விடை வரும்.